காதைத் தொடாத கை

ஒரு குழந்தை பள்ளிக்கூடத்துக்குத் தயாராகிவிட்டது என்று யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது? ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு வருடங்களாகக் குழந்தை வளர்ச்சியைப் பாடமாக நடத்தி வருகிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. முன்பு ஒன்று இருந்தது. அது தவறான விடை என்பதை என்னுடன் சேர்ந்து அனுபவித்தவர் போன வாரம் காலமானார்.

செய்தி வந்தபோது வகுப்பில் இருந்தேன். கரும்பலகையில் 'ஐந்து முதல் ஏழு வயது வரை' என்று தலைப்பு எழுதியிருந்தேன். பியூன் வாசலில் வந்து நின்று, "அம்மா, பஜார்லேர்ந்து ஆள் வந்திருக்காரு. ஜைனம்பு டீச்சர் காலையில தவறிட்டாங்களாம்" என்றார். தலையசைத்துவிட்டு மீதிப் பாடத்தையும் நடத்தி முடித்தேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. மாணவிகளைக் கேட்டால் தெரியும். கேட்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சில விவரங்கள். செஞ்சியில் ஒரு தொடக்கப் பள்ளியில் முப்பது வருடங்களுக்கு மேல் ஒன்றாம் வகுப்பை மட்டுமே எடுத்தவர் ஜைனம்பு டீச்சர். மேல் வகுப்பு கொடுக்க வந்தபோதெல்லாம் மறுத்தார். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் தம்பியின் வீட்டில் இருந்தார். நல்ல உயரம், நீண்ட கைகள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சிரிக்காமல் கேலி செய்வார்.

நான் அவரை முதலில் பார்த்தது அறுபத்தியொன்றாம் வருடம், பள்ளி திறந்த வாரத்தில். பயிற்சி மாணவிகளுக்கு இடம் கேட்டுப் போயிருந்தேன். அன்று சேர்க்கை நாள். பிறந்த தேதி எழுதி வைக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் குறைவு. ஆகவே குழந்தையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருடம். தொட்ட குழந்தைகள் அத்தனை பேருக்கும் தலைமையாசிரியர் பதிவேட்டில் ஜூன் முதல் தேதியைப் பிறந்த நாளாக எழுதிவிடுவார்.

"இது வயதை அளப்பது இல்லை, கையை அளப்பது" என்றேன். அறிமுகம்கூட ஆகவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"வாங்க லெக்சரரம்மா" என்றார் டீச்சர். "நீங்க இன்னாத்த வெச்சி அளக்கறீங்க?"

என் பையில் சென்னையிலிருந்து கொண்டுவந்த படங்களும் மரக்கட்டைகளும் இருந்தன. எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. புள்ளைங்க வாயில போட்டுக்காம பாத்துக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து கடைசி வரை நான் அவருக்கு லெக்சரரம்மாதான்.

காது தொடுவதோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை என்பதை அதற்குப் பிறகே கவனித்தேன். குழந்தையின் கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்து, "அந்தக் கடைசி ரூம்ல இருக்கற டீச்சர்கிட்ட காட்டிட்டு வா" என்பார். சில குழந்தைகள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழும். சில போய் அங்கேயே நின்றுவிடும். சில சிலேட்டை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும். திரும்பி வருகிற குழந்தையிடம், "அங்க இன்னா பாத்த?" என்று மட்டும் கேட்பார். அதற்கு மதிப்பெண் கிடையாது. எழுதி வைப்பதும் கிடையாது. அதனாலேயே நான் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறு வருடம் சேர்க்கைக்கு என்னை வரச் சொன்னவர் தலைமையாசிரியர். சந்தேகமான குழந்தைகளை என் முறைப்படி சோதித்து எழுதிக் கொடுக்கச் சொன்னார். அன்று சிங்கவரத்திலிருந்து கன்னியம்மாள் என்ற பெண் தன் மகளை நடத்தியே கூட்டி வந்திருந்தார். மகள் பெயர் பவுனு. எலும்பும் தோலுமாக இருந்தாள். கை காதைத் தொடவில்லை. ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது.

டீச்சர் வழக்கம்போலச் சிலேட்டைக் கொடுத்து அனுப்பினார். பவுனு போனாள், வந்தாள். வரும்போது சிலேட்டைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அங்க இன்னா பாத்த?"

"அந்த டீச்சர் தூங்குறாங்க. எழுப்பக்கூடாதுன்னு வந்துட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இவ போதும் லெக்சரரம்மா. கண்ணு வேலை செய்யுது" என்றார்.

நான் என் படங்களை எடுத்து வைத்தேன். ஒரு வீட்டின் படத்தைக் காட்டி, இதில் என்ன குறைகிறது என்று கேட்டேன். பவுனு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. மூன்று முறை கேட்டேன். அடுத்த படம், அதற்கு அடுத்தது. வாயே திறக்கவில்லை. 'வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை. ஓராண்டு காத்திருப்பது நல்லது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டீச்சர் தலைமையாசிரியரிடம் வாதாடினார். "சார், கை ஒரு விரல்தான் எட்டல. இந்தப் புள்ள இப்ப உக்காந்தா உக்காரும். அடுத்த வருஷம்னா யாரு கண்டா."

"காகிதத்துல வந்துடுச்சே டீச்சர். நாளைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டா நான் எதைக் காட்டறது?" என்றார் அவர்.

நான் குறுக்கே எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சேர்த்திருப்பார்கள்.

வெளியே காத்திருந்த கன்னியம்மாளிடம் போய்ச் சொன்னவர் டீச்சர்தான். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "கை எட்டல கன்னியம்மா. அடுத்த வருஷம் நானே சேத்துக்கறேன், கூட்டியா." என் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "புள்ளைக்குப் புத்தி பத்தலன்னு ஒரு தாய்கிட்ட எப்படிச் சொல்றது? கை வளரும்" என்றார்.

அடுத்த வருடம் பவுனு வரவில்லை. டீச்சர் சிங்கவரத்துக்குப் போய்ப் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போனார். இரண்டாம் முறை நானும் உடன் போனேன். கன்னியம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அவர் கூலி வேலைக்குப் போகும் நேரமெல்லாம் குழந்தை பவுனுவின் இடுப்பில் இருந்தது. டீச்சர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். கன்னியம்மாள் மகளைக் காட்டி, "பள்ளிக்கூடத்துக்குத்தான் கை எட்டல டீச்சரம்மா. புள்ளயத் தூக்க எட்டுது" என்றார். பிறகு எங்களை உட்காரச் சொல்லவில்லை.

அப்போதும் டீச்சர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் கன்னியம்மாளின் குரல் எங்கள் பின்னால் கேட்டது. டீச்சரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். 'ஆறு புள்ள பெத்தவளா இருந்தா தெரிஞ்சிருக்கும்' என்று ஒரு வார்த்தை சொன்னார். டீச்சரின் நடை ஒரு கணம் தடைப்பட்டது. பிறகு பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த சேர்க்கைகளில் அவர் யாரையும் திருப்பி அனுப்பியதாக எனக்குத் தெரியவில்லை. எட்டாத குழந்தையின் முழங்கைக்கு அடியில் தன் விரலை வைத்து லேசாக உந்துவார். நான் பார்த்துவிட்டு, "இது ஏமாற்று வேலை இல்லையா?" என்றேன்.

"காது அங்கேயேதான இருக்குது லெக்சரரம்மா? கொஞ்சம் தலையச் சாய்க்கச் சொன்னா அதுவே கைக்கு வந்துடும்."

அப்படிச் சேர்ந்தவர்களில் சிலர் தடுமாறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்த குழந்தைகள் உண்டு. பாதியில் நின்றவர்களும் உண்டு. அவர் செய்தது எல்லாம் சரி என்று எழுத என்னால் முடியாது. அவரே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

சென்ற வருடம் அவர் ஓய்வு பெற்றார். பதிவேட்டின்படி ஐம்பத்தைந்து முடிந்திருந்தது. அவருடைய தாயார் சொன்ன கணக்கில் ஐம்பத்து மூன்றுதான். "அஞ்சு வயசுக்கு முன்னாடியே என் கை காதைத் தொட்டுடுச்சு. நீளக் கை. அன்னிக்கு ஒரு வாத்தியார் எழுதுன தேதி இன்னிக்கு என்னை வீட்டுக்கு அனுப்புது" என்றார். பிரிவு உபசாரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றாம் வகுப்பின் மர நாற்காலியில் போய் உட்கார்ந்து, குழந்தைகள் எல்லோரும் போகும் வரை எழுந்திருக்காமல் இருந்ததை மட்டும் நான் பார்த்தேன்.

ஆறு மாதம் கழித்துப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். நான் பார்க்கப் போனபோது தம்பி மனைவி அவரைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார். கையைத் தினமும் தூக்கிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். டீச்சர் எனக்குச் செய்து காட்டினார். இடது கையால் வலது கையைப் பிடித்து உயர்த்தினார். அது தோளுக்கு மேல் போகவில்லை.

"பாத்தீங்களா லெக்சரரம்மா, எட்டல. என்னைச் சேத்துக்க மாட்டாங்க." வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒண்ணு செய்யணும்" என்றார். வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார். "கன்னியம்மாகிட்ட நான் பொய் சொல்லிட்டேன். கை எட்டாததாலதான் சேக்கலன்னு. அந்தப் பொண்ணும் தன் கைதான் குத்தம்னு நெனச்சிட்டிருக்கும். நீங்க போயி உண்மையச் சொல்லிடுங்க."

"அடுத்த வாரம் போகிறேன்" என்றேன்.

நான்கு மாதங்கள் அடுத்த வாரமாகவே கழிந்தன. பரீட்சைத் தாள்கள் இருந்தன, விடுமுறை வந்தது, வெயில் அதிகமாக இருந்தது. ஒவ்வொரு முறை பார்க்கப் போகும்போதும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். கேட்க மாட்டார். கடைசியாகப் பார்த்தது அவர் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு. அன்றும் கேட்கவில்லை.

இறந்த அன்று மதியமே எடுத்தார்கள். பெண்களோடு உள்ளே இருந்தேன். அவரிடம் படித்த பஸ் கண்டக்டர் ஒருவர் காக்கிச் சட்டையோடு வந்து வாசலில் நின்று அழுதார். கடைக்காரர்கள், மாவு மில்லில் வேலை செய்பவர், கைக்குழந்தையோடு ஒரு பெண் என்று வந்துகொண்டே இருந்தார்கள். தம்பி என்னிடம் வந்து மெல்லக் கேட்டார். "பள்ளிவாசல் நோட்டுல அக்கா வயசு எழுதணுமாம். அம்மா சொன்னதா, ஸ்கூல்ல இருக்கறதா? எதைச் சொல்லட்டும்?" தெரியவில்லை என்றேன். ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். தெரு முனை திரும்பும் வரை அதன்மேல் போர்த்திய பச்சைத் துணி தெரிந்தது. பிறகு ராஜகிரி மலையும் வெயிலும் மட்டும் இருந்தன.

ஜைனம்பு டீச்சர், உங்களுக்கு நான் கடைசியாகக் கொடுத்த வாக்கு நீங்கள் இருக்கும்போது நிறைவேறவில்லை. அதற்கு மன்னிப்பு கேட்கக்கூட இப்போது ஆள் இல்லை. போய் வாருங்கள்.

மறுநாள் நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

காலை பஸ்ஸில் சிங்கவரம் போனேன். கன்னியம்மாள் தன் வீட்டு வாசலில் விதைக்கு மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பவுனுவும் உடைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயது. டீச்சர் இறந்த செய்தியை முதலில் சொன்னேன். கன்னியம்மாள் கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தார். பிறகு காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். எழுதியது நான், டீச்சர் சேர்க்கத்தான் சொன்னார் என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆறு வருசமா அந்தம்மாவையா திட்டினேன்?" என்றார். "உங்களயில்ல திட்டியிருக்கணும்."

"ஆமாம்" என்றேன்.

அவர் சட்டென்று பவுனுவின் வலது கையைப் பிடித்துத் தலைக்கு மேலாக இழுத்தார். விரல்கள் காதைத் தாண்டித் தாடையைத் தொட்டன. "பாருங்க. இப்ப எங்க எட்டுதுன்னு பாருங்க. இன்னா பண்ணலாம், சொல்லுங்க."

பவுனு கையை விடுவித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "அந்த வீட்டுப் படம் வெச்சிருந்தீங்களே, அத வெச்சா எழுதுனீங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"கூரை மேல ஒரு தூண் நின்னுச்சு. அது இன்னாத்துக்குன்னு யோசிச்சிட்டே இருந்தேன். நீங்க அதுக்குள்ள அடுத்த படத்த எடுத்துட்டீங்க."

அது புகைபோக்கி என்றும், குளிர் தேசத்து வீடுகளில் இருக்கும் என்றும் சொன்னேன். அந்தப் படத்தில் குறைந்தது புகை என்பதையும் சொன்னேன்.

"அடுப்பு எரியலன்னா புகை வராதே" என்றாள் பவுனு. பிறகு மறுபடி மல்லாட்டை உடைக்கத் தொடங்கினாள்.

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து தலைமையாசிரியரைப் பார்த்தேன். அன்றைக்கு இருந்தவர் இல்லை, புதியவர். பதினோரு வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று விதியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அதுவரை பெயரையாவது எழுதி வையுங்கள் என்றேன். எழுதினார். அம்மா பெயர் கேட்டார், ஊர் கேட்டார், எழுதினார். பிறந்த தேதி என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"ஜூன் ஒண்ணு போட்டுடலாமா?"

வேண்டாம் என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட்டார்.