சொந்த ரௌட்டர்

பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டு முன்னறைதான் என் லேத் பட்டறை. பிராட்பேண்ட் கம்பெனி தந்த ரௌட்டரின் சிக்னல் பின்னறைக்கு எட்டவில்லை. அங்கேதான் மறுநாள் மகளுக்கு வீடியோவில் வேலை இன்டர்வியூ. அதனால் சொந்தமாக ஒன்று வாங்கினேன்.

கம்பெனி லைன்மேன் வந்து அதில் லாகின் போட்டுக் கொடுத்தார். "எங்க பெட்டி நல்லாத்தானுங்க இருக்குது," என்றார்.

"உங்களுக்கு நல்லாத்தானுங்க இருக்கும்," என்றேன்.

அவர் போனதும், பழையது இருந்த இடத்திலேயே புதியதையும் வைத்துப் பூட்டினேன். டூல்ஸ் வைக்கும் இரும்பு பீரோ அது. லேத் தூள் படக்கூடாது என்று எல்லாவற்றையும் அதில்தான் வைப்பேன்.

மறுநாள் இன்டர்வியூ தொடங்கியதும் மகள் கத்தினாள். "போச்சுங்கப்பா!"

பீரோவைத் திறந்து பார்த்தேன். "வந்துருச்சுங்கப்பா!" லைட் எரிந்தது, மூடினேன். "மறுபடியும் போச்சு!"

என் வீட்டுக்காரி வந்து பீரோவையும் என்னையும் பார்த்தாள். "ஏனுங்க, இதுக்கா இத்தனை நாளா கம்பெனிக்காரனைத் திட்டிட்டு இருந்தீங்க?"

அந்தக் கதவு தானாக மூடிக்கொள்ளும். லேத்தை நிறுத்திவிட்டு, இன்டர்வியூ முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், நல்ல ரௌட்டர் என்றுதான் சொல்கிறேன்.