மேஸ்திரியின் நகம்

சோபாக்காரருக்கு வேலை நேரத்தில் வாய் கிடையாது. துணியை இழுத்து அடிக்கிற சின்ன ஆணிகளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலில் ஒட்டவைத்து, டக், டக். அந்தத் தொழிலில் அதுதான் வேகம். காலையில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் துப்புவார். நடுவில் யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: "ம்ம்." வீட்டு முன்னறைதான் பட்டறை என்பதால், கேட்கிற ஆள் பெரும்பாலும் அவர் மனைவி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். நல்லது கெட்டது எல்லாவற்றையும் பாவம் அந்த அம்மாள் அந்த "ம்ம்"மிடம் கேட்டுத்தான் முடிவு செய்திருக்கிறாள்.

மனுஷன் உட்கார்ந்த இடத்தில் உட்காரவும் மாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் மெத்தைக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, அறுக்கிற மெஷின் அவருடைய இடது ஆள்காட்டி விரலின் நுனியைக் கொண்டுபோய்விட்டது. கையை உதறுவார், தொடையில் தேய்ப்பார், எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வருவார். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று மனைவி கேட்பாள். "ம்ம்."

போதாக்குறைக்கு ஒரு பூனை. பழைய சோபா ஒன்றைப் பிரித்தபோது அதன் வயிற்றுக்குள்ளிருந்து குட்டியாக வந்தது. துரத்துங்க என்று குதித்தவள் மனைவிதான். மறுநாள் கிண்ணத்தில் பால் வைத்தவளும் அவள்தான். முடிந்த வேலையை எல்லாம் மோந்து பார்த்துவிட்டுத்தான் நகரும் என்பதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர். மோந்ததோடு விட்டால் பரவாயில்லையே! சோபாக் கைப்பிடியில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்து, முதுகை வளைத்து, பர்ர்ரென்று ஒரு இழுப்பு. ஒரே மாதத்தில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்றாவதாக வந்தது பல் டாக்டரம்மாவின் நீளச் சோபா. பல்வலிக்காரர்கள் காத்திருக்கும்போது உட்காருவதற்கு. பச்சைத் துணியை அந்த அம்மாவே தேடி வாங்கிக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இதிலும் நகம் பட்டால் அவ்வளவுதான், அப்புறம் ஒருத்தரும் இவரை நம்பி ஒரு ஸ்டூலைக்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

அப்போதுதான் சோபாக்காரரின் மூளை வேலை செய்தது. பூனை கீறுவதற்கென்றே ஒரு கட்டை செய்து வைத்தால் என்ன? செய்தார். சும்மா சொல்லக்கூடாது, அருமையான கட்டை. சுற்றிலும் பஞ்சு வைத்து, மிச்சம் விழுந்த பச்சைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து, விளிம்பில் பித்தளைக் குமிழ் ஆணி அடித்துக் கொடுத்தார். மேஸ்திரி மோந்து பார்த்தது, கீறியது, மறுபடியும் கீறியது. நாலு நாள் சோபாக்காரரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்று மனைவியிடம் ஒரே பெருமை. அதுவும் சாப்பாட்டு நேரத்தில்தான்.

வியாழக்கிழமை சோபா முடிந்தது. மேஸ்திரி வந்தது. கட்டையைப் பார்த்தது, சோபாவைப் பார்த்தது. அதே துணி, அதே பச்சை, அதே வாசனை, இருபது மடங்கு பெரிசு. நமக்காகத்தான் இவ்வளவு பெரிசாகச் செய்திருக்கிறார் என்று நினைத்திருக்கும், வேறென்ன நினைக்கும்? சோபாக்காரர் திரும்புவதற்குள் கைப்பிடி நார் நாராகத் தொங்கியது. அந்தத் துணியைத்தான் கீற வேண்டும் என்று நாலு நாள் பாடம் நடத்தியது யார்? இவரேதான்! தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்டார்.

தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை முடிந்து மனைவி வந்தபோது, அவர் வாயில் ஆணியைக் குவித்துக்கொண்டு கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் கிழிசலைப் பார்த்தாள். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, இனிமே என்னால முடியாது. முன்னங்கால் நகத்த அடியோட எடுத்துடுவாங்களாம். மறுபடி வளராதாம். ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா. எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. நகத்த எடுத்துடலாமா?"

ஆணியை எல்லாம் துப்பிவிட்டு, அப்புறம் யோசித்து, அப்புறம் பேச வேண்டும். யாரால் முடியும்? "ம்ம்," என்றார்.

மறுநாள் காலைக்கே அவள் மிருக டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அதற்கப்புறம் இவருக்கு இருப்பு கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் சோபாவுக்கும் நடந்தார். நகம்தானே, உயிரா போகப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விரலைத் தொடையில் தேய்த்தார். மேஸ்திரி அவர் பின்னாலேயே நடந்தது. அதைத் திரும்பிப் பார்க்கத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை.

மிருக டாக்டர் சின்ன வயசுக்காரர், ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. கூடையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் பாதத்தை மெல்ல அழுத்தி நகத்தை வெளியே வரவைத்தார்.

"நகம் மட்டும் தனியா வராதுங்க. எலும்புல இருந்துதான் வளருது. ஒவ்வொரு விரல்லயும் கடைசி எலும்ப வெட்டணும், இது வரைக்கும்." தன் விரலிலேயே கணுவைத் தொட்டுக் காட்டினார். "நான் செய்யறதில்ல. கண்டிப்பா வேணும்னா செய்யற இடத்துக்கு எழுதித் தரேன்."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் நாளைக்குக் கொடுக்க வேண்டிய சோபா கண்முன்னால் நின்றதே! "கொஞ்ச நாள்ல பழகிடும்ல டாக்டர்? இதோ, இவருக்கும் விரல் நுனி போயிடுச்சு. நல்லாத்தான் இருக்கார். ஒரு தொந்தரவும் இல்ல. இல்லீங்களா?"

வழக்கமான "ம்ம்" உதடு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வாயில் ஒரு ஆணிகூட இல்லை. ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போய்விட்டது மனுஷனுக்கு.

"அரிக்குதும்மா," என்றார்.

"என்னது?"

"போன நுனி. அது இருந்த இடம். தினமும் அரிக்குது. சொறியலாம்னு கையக் கொண்டுபோனா அங்க ஒண்ணும் இல்ல. அதான் எந்திரிச்சு எந்திரிச்சு நடக்கறேன்." கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணு. இதுக்குப் பத்து. வேண்டாம்."

டாக்டர் எழுத எடுத்த பேனாவை மூடினார்.

"பத்தொன்பது வருஷம்," என்றாள் மனைவி. "ஏன் சொல்லவே இல்ல?"

"நீ கேக்கும்போதெல்லாம் வாயில ஆணி."

டாக்டர் நகங்களின் கூர்முனையை மட்டும் நறுக்கிவிட்டார். ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் வீட்டிலேயே நறுக்கலாம் என்று காட்டியும் கொடுத்தார். கட்டை வேண்டும்தான், ஆனால் பூனை நிமிர்ந்து நீட்டுகிற உயரத்துக்கு, ஆடாமல், சாக்கோ கயிறோ சுற்றியதாக இருக்க வேண்டும் என்றார். "முக்கியமா, சோபாத் துணி மாதிரி இருக்கவே கூடாது." சோபாக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் பல் டாக்டரம்மாவுக்கு அவரே போன் போட்டு உள்ளதைச் சொன்னார். இனி அந்தப் பச்சை ஆகாது, நகம் மாட்டாத வழவழப்பான வேறு துணி தன் செலவில் போட்டுத் தருகிறேன் என்றார். அந்த அம்மா வாய் வலிக்கத் திட்டிவிட்டு ஒரு வாரம் கொடுத்தார்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மடியில் கூடை, கூடைக்குள் மேஸ்திரி உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தது. சோபாக்காரர் விரலைத் தொடையில் தேய்த்தார். மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அரிக்குதா?"

"ம்ம்," என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "அரிக்குது."

அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். மொட்டை விரலுக்குச் சற்று மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், தன் நகத்தால் மெதுவாகச் சொறிந்தாள்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் மேல."