தலையில்லாத கிதாரும் மூன்றாவது பாட்டும்

பன்னிரண்டாம் நம்பர் பஸ் டிரைவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று டிப்போவில் கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்கு முழிப்பார்கள். அங்கே அவர் பெயர் நிதானம். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவரின் கையில் இருக்கிற டீ கூட அலுங்காது. பஸ் நின்றதே தெரியாமல் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டுவிட்டு, "ஏன்யா நிறுத்தலே?" என்று அவரிடமே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு உலகம் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான், விடுங்கள்.

அவர் போகிற வழியில் ஒரு சிக்னல். சிவப்பு விழுந்தால் முழுசாகத் தொண்ணூறு விநாடி. அந்தத் தொண்ணூறு விநாடியும் டிரைவர் சீட்டுக்கு நேர் எதிரே ஒரு கிதார் கடையின் கண்ணாடி. அதற்குள்ளே தொங்கியது அது. கறுப்பு நிறம், நாலே நாலு தடிக் கம்பி, பேஸ் கிதார். பாட்டுக்கு அடியில் கும் கும் என்று போகுமே, அந்தச் சத்தம் போடுகிற சாமான். ஆனால் இதற்குத் தலை கிடையாது. மற்ற கிதார்களுக்குக் கழுத்து முடிகிற இடத்தில் திருகுகளோடு ஒரு தலை இருக்கும். இதற்குக் கழுத்து சட்டென்று முடிந்துவிடும். திருகெல்லாம் கீழே வால் பக்கம். இரண்டு வருஷம் அது அங்கேயே தொங்கியது. வருகிறவன் எல்லாம் உடைந்த சரக்கு என்று நினைத்துப் பக்கத்தில் இருந்ததை வாங்கிக்கொண்டு போனான்.

நிதானம் இளவட்டமாக இருந்தபோது சிநேகிதன் ஒருவனிடம் பேஸ் கிதார் இரவல் வாங்கி வாசித்தவர். கல்யாணம் ஆன பிறகு அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டார். வைக்காமல் என்ன செய்வார்? வீடு என்பது முன்னால் சைக்கிள் கடை, பின்னால் ஒரே ஒரு அறை. கடை அவர் மனைவியுடையது. பஞ்சர் ஒட்டுவதிலிருந்து சக்கரத்தில் கோட்டம் எடுப்பது வரை எல்லாம் அந்த அம்மாள் கைவேலை. அறையின் கூரையில்கூட வரிசையாகச் சக்கரங்கள் தொங்கும். சாதாரண பேஸ் கிதாரை மாட்டிக்கொண்டு அங்கே இப்படித் திரும்பினால் ஒரு சக்கரம் விழும், அப்படித் திரும்பினால் பால் சட்டி விழும். தலை இல்லாதது என்றால் திரும்பலாம். பஸ்ஸில் சீட்டுக்குப் பின்னாலும் செருகலாம். சிக்னலில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கண்ணால் அளந்து முடித்த அன்றைக்கு மனிதர் போய் வாங்கிவிட்டார்.

வீட்டில் உறையைப் பிரித்ததும் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, இதோட தலை எங்கே?"

"இதுக்குத் தலை கிடையாதும்மா."

"கிடையாதுன்னு யார் சொன்னா? கடைக்காரனா? அவன் சொல்லத்தான் செய்வான்! உடைஞ்சதைத் தள்ளிவிட்டிருக்கான், நீங்களும் வாயில விரல் வெச்சா கடிக்கத் தெரியாம வாங்கிட்டு வந்திருக்கீங்க."

மறுநாள் அவர் டூட்டிக்குப் போனதும் அவள் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நேரே அந்தக் கடைக்குப் போய், "மரியாதையா இதோட தலையை எடுத்து வைங்க" என்று கேட்டாளாம். கடைக்காரர் பாவம், அரை மணி நேரம் படம் எல்லாம் காட்டி விளக்கியிருக்கிறார். சாயங்காலம் நிதானம் வந்தபோது, "பிறவியிலேயே அப்படித்தானாம்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அதற்கு அந்த வீட்டில் முண்டம் என்று பெயர்.

இதெல்லாம் நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. தினமும் டூட்டி முடிந்து வந்து ஒரு மணி நேரம் வாசிப்பார். அவள் முன்னால் கடையில் உட்கார்ந்து சக்கரத்தில் கோட்டம் எடுப்பாள். ஸ்போக்ஸ் கம்பியை ஒவ்வொன்றாக விரலால் சுண்டுவாள், டிங் டிங் என்று வரும். ஒன்று மட்டும் டொக் என்றால் அதைத் திருகுவாள். கண்ணால் பார்ப்பதே இல்லை, எல்லாம் காதுதான். நடுவே பின்பக்கம் பார்த்து, "பாட்டு எப்பங்க வரும்? டொம் டொம்னே போயிட்டிருக்கே" என்பாள். ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நிதானமும் கேட்டதில்லை. ஆனால் சொல்ல மாட்டாளா என்று அவருக்கு ஏக்கம் இருந்தது. சும்மா மூடி மறைப்பானேன், நிறையவே இருந்தது.

டிப்போவில் ஒரு பாட்டுக் கோஷ்டி உண்டு. கண்டக்டர் ஒருவர் பாடுவார். ஸ்டோரில் வேலை பார்க்கிற மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, டிரம்ஸ். டைம் கீப்பர் கிதார். கோஷ்டிக்குத் தலைவரும் அவர்தான், பஸ்ஸை விரட்டுகிற மாதிரி பாட்டையும் விரட்டுவார். நிதானம் ஒரு ஓரமாக நின்று பேஸ்.

ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டைம் கீப்பர் ஒரு கீபோர்டு ஆளைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"நிதானம், தப்பா எடுத்துக்காதே. அந்தப் பையன் கீபோர்டு வாசிப்பான். உன் கும் கும் சத்தத்தையும் இடது கையிலயே போட்டுடுவானாம். மேடையில நாலு பேருக்குத்தான் இடம். யோசிச்சுப் பாரு, நீ வாசிக்கிறது யாருக்குக் கேக்குது?"

வழக்கமாக நிதானம் இதற்கெல்லாம் வாயைத் திறக்கவே மாட்டார். அன்றைக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்துவிட்டது.

"உப்பின் அருமை உப்பில்லாட்டித்தான் சார் தெரியும்."

"ஓகோ! அப்போ உப்பில்லாமயே ஒரு நாள் பரிமாறிப் பார்த்துடலாமா?"

டைம் கீப்பர் விடவில்லை, அங்கேயே பந்தயம் கட்டினார். விழாவில் மூன்றாவது பாட்டு, இரண்டாவது சரணம். அங்கே நிதானம் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு விரலை மட்டும் ஆட்ட வேண்டும். பாட்டு முடிவதற்குள் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள், "என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும், நிதானம் கோஷ்டியில் இருப்பார். ஒருவரும் கேட்காவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து கீபோர்டு. முன்கூட்டி யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

"அக்காகிட்டயுமா?" என்றான் மச்சினன்.

"உங்க அக்காகிட்டதான் முக்கியமா!" என்றார் டைம் கீப்பர்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்த பிறகுதான் நிதானத்துக்கு யோசனை வந்தது. பஸ் நிற்பதையே கவனிக்காத ஜனம் பேஸ் நிற்பதையா கவனிக்கப் போகிறது?

பட்ட காலிலே படும் என்பார்கள். விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தபோது நாலில் மெல்லிய கம்பி பட்டென்று அறுந்தது. முண்டத்துக்கு வேறு எந்த வியாதி வந்தாலும் மருந்து உண்டு, இதற்குத்தான் இல்லை. சாதாரணக் கம்பிக்கு ஒரு முனையில்தான் குண்டு இருக்கும், மறுமுனையைத் தலையில் இருக்கிற திருகில் சுற்றிக்கொள்ளலாம். இதற்குத்தான் சுற்றத் தலையே இல்லையே! இரண்டு முனையிலும் குண்டு வைத்த கம்பிதான் வேண்டும். கடைக்காரரைக் கேட்டால், வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார். மனசு கேட்காமல் சாதாரணக் கம்பி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, அதையும் முண்டத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னங்க, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

அவர் காட்டினார். அவள் அறுந்த கம்பியின் முனையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட, இது நம்ம பிரேக் கேபிள் மாதிரிதானே இருக்கு! இதுக்கா இந்த மூஞ்சி?"

பிரேக் கேபிள் முனையில் ஒரு பித்தளைக் குண்டு இருக்கும். அது போய்விட்டால் மாட்டுவதற்கென்று பக்கவாட்டில் ஸ்க்ரூ வைத்த குண்டு தனியாக விற்கும். அவள் கடையில் அது ஒரு டப்பா நிறையக் கிடந்தது. பழைய கம்பியைப் பக்கத்தில் வைத்து அளந்தாள், புதுக் கம்பியை வெட்டினாள், குண்டைக் கோர்த்து ஸ்க்ரூவைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். முண்டத்தின் உச்சியில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. வால் பக்கத் திருகை அவர் மெல்ல இறுக்க இறுக்க, அவள் கம்பியைச் சுண்டிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கொஞ்சம். இன்னும். ஆங், போதும்."

அவர் சுருதி பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தார். முள் அசையாமல் நடுவில் நின்றது. மனிதர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீங்க? தினமும் அங்கதானே வெச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பந்தயத்தைப் பற்றிச் சொல்லிவிட அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. கொடுத்த வாக்கு, அடக்கிக்கொண்டார்.

மறுநாள் டிப்போ ஷெட்டில் பஸ்களை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். முந்நூறு பேர் இருக்கும். மனைவி ஒன்பதாவது வரிசையில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டுக்குக் கைதட்டல். இரண்டாவதற்கு விசில். ஸ்க்ரூ குண்டு அசையவே இல்லை.

மூன்றாவது பாட்டு. இரண்டாவது சரணம் வந்ததும் டைம் கீப்பர் கண்ணைக் காட்டினார். நிதானம் சத்தத்தைக் குறைக்கிற திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு விரலை ஆட்டினார்.

ஒன்றும் ஆகவில்லை. முன்வரிசையில் மேனேஜர் அதே மாதிரி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை நாற்காலி மேல் ஏறி ஆடியது. பின்னால் மெக்கானிக்குகள் தலையை ஆட்டிக்கொண்டு ரசித்தார்கள். பாதிச் சரணம் போயிற்று. டைம் கீப்பர் முகத்தில் சிரிப்பு வந்தது. நிதானத்துக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பதினோரு வருஷம் வாசித்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீரா என்று நெஞ்சு வலித்தது. தலையைக் குனிந்துகொண்டு சத்தமில்லாத கம்பிகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க, தள்ளுங்க, கொஞ்சம் காலை எடுங்க!"

நிமிர்ந்து பார்த்தார். ஒன்பதாவது வரிசையிலிருந்து மனைவி வருகிறாள். நடந்தபடியே பையில் கை விட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறாள். மேனேஜர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு விடுவிடு என்று மேடைப் படியேறி, பாட்டு நடக்கும்போதே அவர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"என்னங்க ஆச்சு? குண்டு கழண்டுடுச்சா?"

மச்சினன் டிரம்ஸைப் பட்டென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கேட்டாச்சு! அக்கா கேட்டாச்சு!" என்று கத்தினான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தாள், இறுக்கமாக இருந்தது. ஒவ்வொரு கம்பியாகச் சுண்டினாள்.

"ஒரு கம்பி போனா மிச்சம் மூணும் எங்க போச்சு?" கண் கீழே இறங்கியது. "அடக் கடவுளே, சத்தத்தையே மூடி வெச்சிருக்கீங்களே!"

சொல்லிக்கொண்டே திருகைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினாள். நிதானத்தின் விரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கும்மென்று சத்தம் எழுந்ததும் நாற்காலி அதிர்ந்தது, தகரக் கூரை அதிர்ந்தது, மேனேஜர் தாளத்தை ஒரு நொடி நிறுத்தி, பிறகு இரண்டு கையாலும் போட ஆரம்பித்தார். அப்போதுதான் மொத்தக் கூட்டமும் எழுந்தது. பாடிய கண்டக்டரே அந்தச் சரணத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்.

விழா முடிந்ததும் டைம் கீப்பர் பிடிவாதமாக வந்து நின்றார். "இது செல்லாதும்மா. அந்த ஸ்க்ரூ நேத்து நீங்க போட்டதாமே, அதான் அதையே கவனிச்சுட்டு உக்காந்திருந்தீங்க."

மச்சினன் அதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தான். அவள் டைம் கீப்பரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஸ்க்ரூவா? நல்லா இருக்கே கதை! பதினோரு வருஷமா இவர் வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டுத்தான் சார் நான் கோட்டம் எடுக்கிறேன். இவர் நிறுத்தினா என் கை நின்னுடும். இன்னைக்கும் மடியில தாளம் போட்டுக்கிட்டிருந்தேன், கை நின்னுபோச்சு. அப்புறம் எந்திரிச்சு வராம என்ன பண்ணுவேன்?"

டைம் கீப்பர் சட்டைப் பையிலிருந்து ஒத்திகை அட்டவணையை எடுத்து, கீபோர்டு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு மேலே நிதானம் என்று எழுதினார். அதைப் பார்க்க நிதானம் அங்கே இல்லை. அவர் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டார். "ஏன்மா இத்தனை நாள் சொல்லவே இல்லை?"

"என்னத்தைச் சொல்றது? கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

மறுநாள் அவர் டூட்டி முடிந்து வந்து, களைப்பாக இருக்கிறதே, இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடலாம் என்று கட்டிலில் சாய்ந்தார். முன்னால் அவள் வளைந்து போன ஒரு சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அந்த முண்டத்தை எடுங்க. வேலை கிடக்கு."