முப்பத்தெட்டு அடிக் கிணறும் மூன்றடிப் பெண்ணும்

போன வருஷம் மழை விட்ட சமயம், புனேயின் பழைய பேட்டைப் பகுதியில் ஒரு வாடாவில் நடந்தது இது. நடுவே முற்றம் வைத்து, மரத்தூண்களோடு கட்டிய பழங்காலத்துப் பெரிய வீட்டை இங்கே வாடா என்பார்கள்.

அதை லேசர் கருவியால் அளந்து, கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாணத்தில் அப்படியே எழுப்புவது என் வேலை. பிறகு எங்கே நின்றால் எதெல்லாம் கண்ணில் படும் என்று கணக்குப் போடுவோம். எஜமானர் உட்காருகிற இடத்திலிருந்து சமையலறை தெரிந்ததா, உள்கட்டுப் பெண்களால் வந்தவர் முகத்தைப் பார்க்க முடிந்ததா என்று ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்காக. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அன்றைக்கு நான்கு வயது மகளின் பள்ளிக்கு லீவு. மனைவிக்கு ஆபீசில் தள்ள முடியாத மீட்டிங். புனேயை ஒட்டிய சிஞ்ச்வடில் இருக்கும் எங்கள் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது.

"அந்த இடிஞ்ச வீட்டுக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள் மனைவி.

நான் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். முன்கட்டின் மூன்றாவது தூணருகே இருந்தால் பின்முற்றம் மூலை முடுக்கு விடாமல் தெரியும். தெரிகிற இடம் பச்சை, மறைகிற இடம் சாம்பல். முற்றம் முழுக்கப் பச்சைதான். அரை மனசோடு அனுப்பினாள்.

சொன்னபடி அந்தத் தூணடியிலேயே உட்கார்ந்தேன். மகள் முற்றத்தில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஃபைல் திறக்காமல் மக்கர் பண்ணியது. அதைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால் முற்றத்தில் அவளைக் காணோம்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. என் புத்தி இருந்த லட்சணத்தைக் கேளுங்கள். இங்கிருந்து தெரியவில்லை என்றால் அவள் முற்றத்திலேயே இல்லை என்று முடிவு கட்டி, தெருவுக்கு ஓடினேன். வாசலில் பூ விற்றவரிடம் இந்தியில் கேட்டேன். குழந்தை எதுவும் வெளியே வரவில்லை என்றார்.

அப்போதுதான் கிணறு ஞாபகம் வந்தது. பின்முற்றத்து மூலையில், துணி துவைக்கிற கல்மேடைக்குப் பின்னால், தரையோடு தரையாக வாய். மேலே உளுத்த பலகைகள். ஆழம் முப்பத்தெட்டு அடி. அளந்தவனே நான்தான்.

திரும்ப ஓடிவந்து கத்த வாயெடுத்தேன். பின்கட்டில் குடியிருந்த மராட்டிப் பெண், என் வயசுதான் இருக்கும், வெறுங்காலோடு மேடையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"ஓரடூ நகா," என்றாள் மெல்ல. கத்தாதீர்கள் என்கிறாள்.

எட்டிப் பார்த்தேன். மகள் பலகைமேல் குப்புறப் படுத்து, இடுக்கு வழியாகத் தலையை உள்ளே விட்டிருந்தாள். நான் கத்தியிருந்தால் திடுக்கிட்டு எழுந்திருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் மண்டியிட்டு, குழந்தையின் இடுப்பை வளைத்துப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். படக்கென்று ஒரு பலகை முறிந்து உள்ளே போனது. தண்ணீரில் அது விழுந்த சத்தம் கேட்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அப்பா, நீச்சே மச்லி இருக்கு," என்றாள் மகள். கீழே மீன் இருக்கிறதாம்.

அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பின்கட்டுத் தரையில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு, தாழ்வான ஜன்னல் வழியாகக் குழந்தையின் கால் தெரிந்ததாம். அவள் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் கணக்கைத் திறந்து பார்த்தேன். பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் ஐந்தரை அடி ஆள், நின்றுகொண்டிருக்கிறார் என்று உயரம் கொடுத்திருந்தேன். என் உயரம் அது. அதை மூன்றடியாக மாற்றியதும் பாதி முற்றம் சாம்பலானது. எஜமானர், விருந்தாளி, வேலைக்காரர் என்று மாதக்கணக்கில் யோசித்த எங்களுக்கு, அந்த வீட்டில் குழந்தைகளும் இருந்திருப்பார்கள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. தூங்குகிற மகளின் கை கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் மண்டியிட்டு ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அந்த ஒரு நிமிஷத்து பயம் என் ஆயுசுக்கும் போதும்.