வில்ஃப் சக்டன் ஏலத்தில் எடுத்த பெட்டி

ஒழுங்காக எழுதப்பட்ட விளம்பரம் என்றால் வில்ஃப் சக்டனுக்கு வேப்பங்காய். இணைய ஏலத்தில் எவனாவது கேமராவின் பெயர், வருஷம், லென்ஸ் நம்பர், எல்லாப் பக்கமும் படம் என்று விவரமாகப் போட்டிருந்தால், "கடைக்காரப் பய" என்று முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடுவார். அவருக்கு வேண்டியது வேறு. "அப்பாவுடையது. கறுப்பு. கனம்." அல்லது, "பரணில் கிடந்தது. என்னவென்று தெரியவில்லை. பொத்தானை அழுத்தினால் டிக் என்கிறது." கூடவே கை ஆடி எடுத்த ஒரு படம். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

கீத்லி ஊர்ப் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடையில் விலை கேட்டு வாங்க அவருக்கு வசதியும் இல்லை, மனசும் இல்லை. விற்பவர்களின் அறியாமையை நம்பியே ஒரு வீடு நிறையக் கேமரா சேர்த்துவிட்டார். வெளிச்சம் அளக்கும் கருவியை "தாத்தாவின் கேஸ் மீட்டர்" என்று ஒரு பெண் போட்டிருந்தாள். ஒரு பாதிரியார் அருமையான ஜெர்மன் கேமராவைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை என்று விற்றார். இந்த வாசகங்களை எல்லாம் காலைத் தேநீரோடு மனைவி நோரீனுக்கு வாசித்துக் காட்டுவார். ஏமாந்தவர்களைப் பற்றிய கேலி அதில் இருக்காது. அந்த நாலு வார்த்தைகளின் மேல் அவருக்கு உண்மையிலேயே ஆசை.

மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில் மாதம் ஒருமுறை கூடும், வில்ஃப் உறுப்பினராக இருந்த கேமரா சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விற்பவரிடம் எக்காரணம் கொண்டும் கேள்வி கேட்கக் கூடாது. "உள்ளே என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒரு அசடு கேட்டுவிட்டால் போதும், தூங்கிக்கொண்டிருந்த விற்பவர் விழித்துக்கொள்வார். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, ஏலம் முடிகிற தறுவாயில்தான் பாய வேண்டும். இந்த வித்தையில் வில்ஃபுக்கு ஈடு சங்கத்தில் டெஸ்மண்ட் ஒருவர்தான். இருவரும் நண்பர்கள்தான், ஏலம் இல்லாத நேரங்களில்.

கேமராக்கள் முன்னறையை நிறைத்தன, அலமாரியை நிறைத்தன, கட்டிலுக்கடியில் புகுந்தன. அப்புறம் மாடிப்படிக்கு வந்தன. சுவரோரமாகப் படிக்கு ஒரு பெட்டி. "ஒருநாள் இதுல விழுந்து தொலையப் போற" என்று நோரீன் சொல்லிக்கொண்டே இருந்தார். மார்ச் மாதம் ஒரு காலையில் வில்ஃப் தேநீர்க் கோப்பையோடு இறங்கியபோது ஒரு பெட்டியில் கால் இடறி, கீழே வந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் நோரீன் கட்டிலருகே உட்கார்ந்து, கோபமே இல்லாத குரலில் பேசினார். வில்ஃபுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இனிமே ஒண்ணுகூட வீட்டுக்குள்ள வரக் கூடாது. வந்துதுன்னா நான் பிங்லிக்கு எட்னா வீட்டுக்குப் போயிடுவேன். இன்னொரு தடவ உன்ன அந்தப் படியடியில பாக்க என்னால முடியாது."

"வராது. சத்தியமா வராது."

எட்னா நோரீனின் தங்கை. நோரீன் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை என்பது வில்ஃபுக்குத் தெரியும். மனதாரத்தான் சத்தியம் செய்தார்.

ஆனால் ஆஸ்பத்திரியில் பொழுது போக வேண்டுமே. வாங்கத்தானே கூடாது, பார்ப்பதில் என்ன என்று போனை எடுத்தார். சமையல் சாமான் பகுதியில், கெட்டில்களுக்கும் வாணலிகளுக்கும் நடுவே அது கிடந்தது. "பழைய கேமராக்கள், ஒரு பெட்டி. ஒன்றும் தெரியாது. போனால் போதும். நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்." அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததிலேயே மட்டமான விளம்பரம். உடனே படத்தைப் பெரிதாக்கினார்.

பக்கத்துக் கட்டில் அக்தர், டாக்ஸி ஓட்டியவர், முழங்காலுக்காக வந்திருந்தார். வில்ஃப் போனை அவர் பக்கம் நீட்டினார்.

"அக்தர், இதப் பாரேன்."

"என்னது, செருப்பா?"

"கேமராய்யா! இந்த மூலை தெரியுதா? கறுப்புப் பூச்சு தேஞ்சு பித்தளை எட்டிப் பாக்குது. இது மட்டும் அந்த விலையுசந்த ஜெர்மன் லைக்காவா இருந்தா, என் ஜென்மத்துக்கும் போதும்."

"யாரு விக்கறது?"

"பிங்லிக்காரி யாரோ. பெட்டியப் புடிச்சிருக்கு பாரு, வயசான பொம்பள கை. பாவம், புருஷன் போயிருப்பான். இவளுக்கு இதப் பத்தி என்ன தெரியும்?"

"வீட்டுல சத்தியம் பண்ணினேன்னு சொன்னியே?"

"இதுதான் கடைசி."

"நான் சிகரெட்ட விட்டதும் இப்படித்தான்" என்றார் அக்தர்.

ஏலம் முடிகிற நேரம் ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் வந்து தொலைத்தது. நோரீன் டப்பாவில் இஞ்சி கேக் கொண்டுவந்திருந்தார். வில்ஃப் ஒரு கையால் கேக்கைத் தின்றுகொண்டு, போர்வைக்கடியில் மறுகையால் போனைத் தடவிக்கொண்டிருந்தார். விலை ஏறியது. டெஸ்மண்ட் மோப்பம் பிடித்துவிட்டார், வேறு யாராக இருக்க முடியும்? அதே சமயம் நோரீனின் கைப்பையிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது.

"யாரு?" என்றார் வில்ஃப்.

"எட்னா. சும்மா ஏதாவது அனுப்புவா." நோரீன் பையை இறுக்கிக்கொண்டார். "உனக்கென்ன இப்படி வேர்க்குது?"

"போர்வை கனம்."

வில்ஃப் ஏற்றினார், டிங். டெஸ்மண்ட் ஏற்றினார், டிங். நோரீனின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்ததை வில்ஃப் கவனிக்கவில்லை. கடைசி நொடியில் கட்டை விரலால் ஓங்கி அழுத்தினார். பெட்டி அவருடையது. நோரீன் தேநீர் வாங்க எழுந்து போனதும், விற்றவளுக்கு அவசர அவசரமாக ஒரு செய்தி தட்டிவிட்டார்.

நோரீன் இரண்டு கோப்பைகளோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். பையைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாக வாசித்தார்.

"அன்புள்ள அம்மணி. பெட்டி எனக்குக் கிடைத்ததில் மகிழ்ச்சி. நான் ஆஸ்பத்திரியில் இருப்பதால் என் மனைவி வந்து எடுத்துக்கொள்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டாம். காலி ஜாம் பாட்டில்கள் என்று சொன்னால் போதும். வி. சக்டன்."

அக்தர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். அவருடைய கட்டில் குலுங்கியது.

"எட்னா கணக்குல நான்தான் போட்டேன்" என்றார் நோரீன். "படியில உன்னத் தள்ளிவிட்டுச்சே, அந்தப் பெட்டி. அது வீட்டுல இருக்கக் கூடாதுன்னு போட்டேன்."

வில்ஃபின் வாயிலிருந்து வரக் கூடாத கேள்விதான் முதலில் வந்தது. "அப்ப அந்த லைக்கா?"

"எந்த லைக்கா?" நோரீன் அவர் போனை வாங்கிப் பார்த்தார். "அட கிறுக்கா, இது லைக்கா மாதிரியே பண்ணின அந்த ரஷ்யாப் போலி. வாங்கிப் பிரிச்ச அன்னிக்கு நீ சோறே திங்கலையே."

அதே மூலையைப் பார்த்து, அதே பித்தளையைப் பார்த்து, அதே கேமராவிடம் இரண்டாவது முறை ஏமாந்திருக்கிறார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். நோரீன் படத்தை நகர்த்தி ஓரத்தைக் காட்டினார்.

"இது யாரு கை?"

வில்ஃப் பார்த்தார். தேய்ந்த மோதிரம். வளைந்த சுண்டுவிரல். கல்யாணமான புதிதில் மோர்கம் கடற்கரைக்குப் போன அன்று, கார்க் கதவை அவசரத்தில் சாத்தி அந்த விரலை நசுக்கியவரே அவர்தான்.

போர்வைக்கடியிலிருந்து அக்தரின் குரல் வந்தது. "அக்கா, பாவம் இவளுக்குப் புருஷன் போயிருப்பான்னு சொன்னாரு."

"போயிருப்பான்" என்றார் நோரீன். "இன்னும் கொஞ்சம் மேலேருந்து விழுந்திருந்தா போயிருப்பான்." தன் கையை விரித்துக் காட்டினார். "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உன் தலைய இந்தக் கையிலதான்யா தாங்கிட்டு உக்காந்திருந்தேன். பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டேன். நீ கண்ணே தொறக்கல."

அக்தர் சிரிப்பதை நிறுத்தி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வில்ஃப் டெஸ்மண்டுக்குப் போன் போட்டார். "பிங்லி பெட்டிய நீ எடுத்துக்கோ. உள்ள இருக்கறது லைக்கா இல்ல, ரஷ்யாப் போலி. என்னுதுதான்."

"போலின்னு சொல்லி என்னக் கழட்டி விடப் பாக்குறியா?" என்றார் டெஸ்மண்ட். "நாளைக்கே வந்து எடுத்துக்கறேன்."

போனை வைத்த வில்ஃப் அதை நோரீனிடமே நீட்டினார். "உன்கிட்டயே இருக்கட்டும். படியில இருக்கற எல்லாத்தையும் ஏலத்துல போட்டுடு. நீயே எழுது."

"நான் எழுதினா நீயே ஓடிவந்து வாங்குவ."

"மாட்டேன், நோரீன். என்ன மன்னிச்சுக்கோ."

நோரீன் போனைப் பைக்குள் போட்டு மூடினார். ஆனால் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை போர்வையின் மேல் வந்து அமர்ந்தது. வில்ஃப் அதை எடுத்து வைத்துக்கொண்டு, சுண்டுவிரலைத் தடவினார்.

"இந்தக் கை மட்டும் ஏலத்துக்கு வந்திருந்தா, வீட்ட வித்தாவது எடுத்திருப்பேன்" என்றார்.

"வந்துச்சேய்யா" என்றார் நோரீன். "நீதான் பக்கத்துல இருந்த கேமராவப் பாத்துட்டிருந்த."