கைத்தடிக்கு ஒரு சாக்கு

கைத்தடி விற்றுப் பிழைக்கலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். "யாரும் சொல்லல. எனக்கே தோணிச்சு. அதான் இப்படி ஆயிட்டேன்" என்பார். தொப்பி, பேனா, கைக்கடிகாரம் என்று எத்தனையோ இருக்க, ஒருவரும் ஆசைப்படாத பொருளாகத் தேடிப் பிடித்துக் கடை போட்டவர் அவர். வயது அறுபத்திரண்டு. புத்தி இன்னும் வந்து சேரவில்லை என்பது மனைவியின் கட்சி.

முதல் சரக்கைத் தன் ரசனைக்கு எடுத்தார். கருங்காலிக் கட்டை, வெள்ளிப் பூண், சிங்கமுகப் பிடி. ஒவ்வொன்றும் புது மாப்பிள்ளை மாதிரி கண்ணாடி அலமாரிக்குள் விறைப்பாக நின்றது. வாசலில் பலகை: 'முதியோருக்கான கைத்தடிகள்'. அதைப் படித்த முதியோர் எல்லாம் எதிர்ச்சாரிக்கு மாறினார்கள். சற்றுச் சாய்ந்து நடப்பவர்கள்கூட அவர் வாசலைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்கள். ஆறு மாதம் உட்கார்ந்து ஈ ஓட்டினார். ஈக்களுக்கும் கால்கள் நன்றாகத்தான் இருந்தன.

"இந்த வருஷக் கடைசி வரைக்கும் பாருங்க. அப்பவும் இப்படியே இருந்தா சாவியக் குடுத்துட்டு வீட்டுல உக்காருங்க" என்று மனைவி கெடு வைத்தாள்.

வீட்டில் உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நாற்பது வருடம் ஏதாவது ஒரு கடையில் நின்றே பழகியவர். "வாங்க, என்ன வேணும்?" என்று கேட்க ஆளில்லாமல் ஒரு நாளை எப்படித் தள்ளுவது என்று அவருக்குத் தெரியாது. பயமாக இருந்தது.

வழி காட்டியது குடை. மொத்த வியாபாரி சரக்கோடு சேர்த்துத் தலையில் கட்டிய ஆறு தடித்த குடைகள், ஊன்றியும் நடக்கலாம். மழையின் வாசனைகூட இல்லாத மாதத்தில் ஆறும் ஒரே வாரத்தில் போய்விட்டன. வாங்கிய ஒவ்வொருவரும் வானத்தைப் பார்த்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்கள்.

அவருக்குப் பொறி தட்டியது. ஜனங்களுக்குக் கைத்தடி வேண்டாம் என்றில்லை. அதற்கு ஒரு சாக்கு வேண்டும். அன்று முதல் சாக்கு இல்லாத சரக்கை அவர் தொடவில்லை. மலையேறுபவர்களுக்கான தடி எடுத்தார். மேடே இல்லாத ஊரில் அதுவும் விலைபோனது. டார்ச் வைத்த தடி இருட்டுக்கு. நீளமான தடி நாய்க்கு. பலகையில் 'முதியோர்' போய் 'நடைப் பிரியர்கள்' வந்தார்கள். தன் ரசனையை மட்டும் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றித் தூசி படிய விட்டார்.

ஆனாலும் கெடுவுக்குள் கடை நிமிரும் என்று சொல்ல முடியவில்லை. அப்போதுதான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் வந்தார். நாலு தடிகளை ஊன்றிப் பார்த்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பூங்காவுல நாங்க இருபது பேர் நடக்கறோம். எல்லாருக்கும் தேவைதான். யார் முதல்ல பிடிக்கறதுன்னுதான் கூச்சம். நீங்களே வெறுங்கையோட நிக்கறீங்க, நாங்க எப்படி வாங்குவோம்?"

"எனக்கு எதுக்கு டீச்சர்? நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று காலைத் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தும்மல் வருவது போல் சமாளித்தார். டீச்சர் ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலை மேல்தட்டுச் சிங்கமுகத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பினார். மனைவி புருவத்தைத் தூக்கினாள்.

"விளம்பரம்" என்றார்.

தினமும் மூன்று சுற்று. முதல் நாள் எல்லாரும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருவர் வாங்கிப் பிடித்துப் பார்த்தார். இரண்டு வாரத்தில் பூங்காவே டக் டக் என்று நடந்தது. சிங்கமுகங்கள் தீர்ந்து மறு ஆர்டர் போட்டார். "சரி, நடத்துங்க" என்று மனைவி கெடுவைத் தள்ளுபடி செய்தாள். ஊர் நாடி தெரிந்த வியாபாரி நான் என்று ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தார்.

வருஷக் கடைசியில் கடைக்கு லீவு. காலையில் படுக்கையை விட்டு எழுந்தவர், தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"இன்னிக்கு லீவு. வாசக்கதவும் சாத்தியிருக்கு. வீட்டுக்குள்ள யாருக்குங்க விளம்பரம்?" என்றாள் மனைவி.

ஊருக்கே சாக்கு சப்ளை செய்பவருக்குத் தனக்கென்று ஒன்று அகப்படவில்லை.

"முட்டி வலிக்குது" என்றார். "ரொம்ப நாளா."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான். ரெண்டு வருஷமாச்சு. சொன்னா என்னையும் கடை வாசல்ல நிறுத்திடுவீங்கன்னு சொல்லல."

அவர் பக்கத்தில் போய் நின்றார். "எந்தக் கால்?" என்று கேட்டார். தெருவில் போகிறவர் எந்தக் காலைத் தாங்குகிறார் என்று கடைக்குள் இருந்தபடியே சொல்லிவிடுகிறவர், சொந்த மனைவியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.