அஜெலே கேட்காத பெட்டி

கானா நாட்டுக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் டெஷியில் சவப்பெட்டி, செத்தவரின் தொழில் வடிவத்தில்தான் இருக்கும். மீனவனுக்கு மீன், டிரைவருக்கு லாரி. பட்டறைக்காரர் போர்க்கெட்டே செதுக்குவார், நான் பெயிண்ட் அடிப்பேன். வாதத்தில் வலக்கை விழுந்த பிறகும் இடக்கையாலேயே புதுப்புது உருவங்களாகச் செதுக்கிய மனுஷன்.

அவர் மனைவி அஜெலே, புளித்த மக்காச்சோள மாவைக் கதிர்மடலில் சுற்றி அவிக்கும் கெங்கி உருண்டையை முப்பது வருஷம் விற்றவள். பட்டறைக்கு வரும்போதெல்லாம் புருஷனிடம் சொல்வாள்:

"யோவ், செத்தா என்னைக் கெங்கிக்குள்ள மட்டும் வெச்சிடாதே. இந்தப் புளிச்ச நாத்தம் அங்கேயுமா?"

அவள் செத்ததும் அவளுடைய அண்ணன்மார் கெங்கிதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார்கள். இந்த மனுஷனும் தலையாட்டிவிட்டு அதையே செதுக்கிக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மடலின் ஒவ்வொரு நரம்பையும் நான்தான் தீட்டினேன். ஊரே மெச்சியது.

ஆறு மாதம் அவர் உளியைத் தொடவில்லை. திரும்பி வந்தபின், "என்ன வேலை பார்த்தாங்க?" என்று யாரையும் கேட்பதில்லை. "எதுக்கு ஆசைப்பட்டாங்க?" என்கிறார். போன வாரம் ஒரு சலவைக்காரி விமானத்துக்குள் படுத்துப் போனாள்.

தனக்கும் ஒன்று செய்து மூலையில் மூடி வைத்திருந்தார். உளியாக இருக்குமென்று துணியை விலக்கினேன். கெங்கி.

"அந்த நாத்தம் எனக்கிருக்கட்டும்டா" என்றார்.